புஷ்னாக் வீட்டுக் கதவு

அத்தான்,

டூல் பாக்ஸைத் திறந்தாலே பித்தளை துடைக்கும் பிரசோ வாடை அடிக்கிறது. உங்கள் பித்தளைப் பேர்ப்பலகைதான். திலக் நகர் பழைய கட்டடத்தை இடிக்கக் கொடுத்த அன்று கதவிலிருந்து கழற்றி, "புதுசு எழும்பினதும் நீயே வந்து மாட்டுல" என்று துணியில் சுற்றிக் கொடுத்தீர்கள். புதுசு எழும்பிவிட்டது. அதைப் பார்க்க நீங்கள் இல்லை. நேற்று அக்கா கைக்குச் சாவி வந்தது, நான் டிரில்லோடு போய் நின்றேன்.

"வேண்டாம்ல," என்றாள் அக்கா. "பேருக்குரிய ஆளே இல்ல. வெறும் பலகையப் பாத்துட்டு எப்படி உள்ள நுழைவேன்?"

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. உங்களுக்குத் தெரியும்.

ஜோர்டானின் அம்மான் நகரத்திலிருந்து பம்பாய்க்குப் படிக்க வந்து, தாராவியில் எங்கள் அடுத்த வீட்டு ஃபாத்திமா அக்காவைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டவர் நீங்கள். அக்கா புருஷன், அதனால் எனக்கு அத்தான். அக்கா பேசும் திருநெல்வேலித் தமிழையே நீங்களும் பேசினீர்கள், பாதிக்குப் பாதி இந்தி கலந்து.

கல்லூரி முதல் வருடம் உங்கள் பேரை நெட்டில் தேடினேன். கண்டுபிடித்ததைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே ஆரம்பித்தேன். "அத்தான், உங்க சர்நேம் புஷ்னாக் ஒரு பேரே இல்ல. அரபில போஸ்னியாக்காரன்னு அர்த்தம். அவ்வளவுதான்."

"அரே, எனக்கே சொல்லுதியா?"

உங்கள் அப்பாவின் தாத்தா போஸ்னியாவிலிருந்து வந்து பாலஸ்தீனத்தில் இறங்கியவர். கூட வந்த குடும்பங்கள் ஒன்றுக்கொன்று சொந்தமே இல்லை. உள்ளூர்க்காரர்கள் வந்த அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே பேரை வைத்துவிட்டார்கள். பழைய குடும்பப் பேர் என்னவென்று, பின்னால் அம்மானுக்குப் போன உங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

அப்புறம் ஒருமுறை போஸ்னியாவின் சராயேவோ போய்விட்டு வந்தீர்கள். "ஹோட்டல்ல ஒரு பொண்ணு பாஸ்போர்ட்டப் பாத்துச் சிரிக்கா. இங்க எல்லாருமே புஷ்னாக்தான் சார், உங்க பேரு என்னன்னு கேக்கா!" சொல்லும்போது உங்களுக்கே சிரிப்பு தாங்கவில்லை. ஏமாற்றமாக இல்லையா என்றேன். "எதுக்கு? இந்தப் பேரு அந்த ஊருக்கு வெளியதான் வேல செய்யும். டெஸ்ட் பண்ணியாச்சு."

எங்கள் சொந்த ஊர்க் கோயில் கொடைக்கு நீங்கள் இருவரும் வந்ததும் அந்த வருடம்தான். மைக்கில் என்னைக் கூப்பிட்டார்கள்: "பம்பாய்க்காரர் வீட்டுத் தம்பி எங்கிருந்தாலும் பந்தலுக்கு வரவும்." எனக்கு எரிச்சல். "பேர் சொல்லிக் கூப்பிட்டா என்னவாம்? அங்க மதராஸி, இங்க பம்பாய்க்காரன்."

"அப்ப நீயும் புஷ்னாக்தான்ல. போ, கூப்பிடுதான்" என்று முதுகில் தட்டினீர்கள். வீம்பு பிடித்து நான் பந்தலுக்குப் போகவில்லை.

நேற்று இதையெல்லாம் அக்காவிடம் சொல்லவில்லை. ஒன்றுதான் சொன்னேன். "அந்தத் தாத்தா போஸ்னியாவ விட்டுப் போன பொறகுதான் இந்தப் பேரே வந்துச்சு. ஆள் போனதும் பேரும் போகணும்னா இது தொடங்கியே இருக்காது."

அக்கா பலகையை வாங்கித் துப்பட்டாவால் துடைத்தாள். கதவில் வைத்துப் பார்த்தாள்.

"அவரு உயரத்துக்கு அடிச்சிராத. கொஞ்சம் கீழ. என் கண்ணுக்கு நேரா."

அடித்துவிட்டேன், அத்தான். ஸ்பிரிட் லெவல் வைத்துப் பார்த்தேன், கோணல் இல்லை.

டீ குடித்துக்கொண்டிருந்தபோது பார்சல்காரப் பையன் வந்தான். பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "புஷ்னாக் கோன் ஹை?" என்று ஆள் யாரெனக் கேட்டான்.

நான் எழுந்திருப்பதற்குள் அக்கா கதவுக்குப் போய்விட்டாள். "மைன் ஹூன். போலோ." நான்தான் என்று சொல்லிவிட்டாள், அத்தான்.

பிரசோ டப்பாவை அக்காவிடமே கொடுத்துவிட்டேன். இந்த வருடம் கொடைக்கு ஊருக்குப் போகிறேன். மைக்கில் அதே மாதிரிதான் கூப்பிடுவார்கள். கூப்பிடட்டும். முதல் தடவையிலேயே கையைத் தூக்கிவிடுவேன்.