தெற்குச் சுவரின் நிழல்

பதிவு 1. 14 மே 2063, காலை 6:10
தூத்துக்குடி வெப்பக் காப்பகம். வெளியே 41 டிகிரி, உள்ளே 27. குளிர்விக்கும் இயந்திரங்கள் நான்கும் ஓடுகின்றன. முந்நூறு இடம், முந்நூறு பேர். பெரும்பாலும் கைக்குழந்தைக்காரிகள், முதியவர்கள். கதவுகள் பூட்டியாயிற்று. எழுதுபவன் சந்தியாகு, கட்டடத்தை வரைந்தவன், இந்தக் கோடைக்கு இதன் பொறுப்பாளன். இதே வரைபடத்தில் இன்னும் பதினாறு ஊர்களில் காப்பகங்கள் நடக்கின்றன. கொஞ்சம் பெருமைதான், இருக்கட்டுமே.

பதிவு 2. காலை 9:25
வெளியே 47. உப்பளத்தில் வேலையை நிறுத்திவிட்டு எண்பது பேர் வந்திருக்கிறார்கள். என் தங்கை அமலியும் அவர்களில் ஒருத்தி, அவள்தான் மேஸ்திரி. வாக்கி டாக்கி அவளிடம் இருக்கிறது.
"அண்ணே, உள்ள எடமில்லன்னு தெரியும். தெக்குச் செவரு ஓரமா நெழலு கெடக்கு, அங்க உக்காந்துக்கிடுதோம். முடியலன்னா மாதா கோயிலுக்கு நடந்துருவோம். அர மணி நேரந்தான்."
சரி என்றேன்.

பதிவு 3. காலை 10:40
"அண்ணே, செவத்துல இருக்க கம்பி வலையில இருந்து அனல் அடிக்கி. ஒங்க மெஷினா?"
"வெயில்தாம்மா. இன்னைக்குக் காத்தே அப்படி."
பொய் சொன்னேன். உள்ளேயிருந்து உறிஞ்சும் சூட்டையெல்லாம் நான்கு மெஷின்களும் அந்த வலை வழியாகத்தான் துப்புகின்றன. தெரிந்தால் கதவை உடைப்பார்கள் என்று பயந்தேன். வலை வாயில் 58 டிகிரி.

பதிவு 4. காலை 11:30
வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். தெற்குப் பக்கம் 'காலி இடம்' என்று போட்டிருக்கிறது. என் கையெழுத்து. மூலப்படம் வெகு வடக்கே பனி விழும் வெளிநாடு ஒன்றில் போட்டது. அங்கே தெற்குச் சுவரில்தான் வெயில் விழும், கோடையில் எவனும் அதன் பக்கம் ஒதுங்க மாட்டான், அதனால் அனல் வலையை அங்கே வைத்தார்கள். பழைய கோப்பைத் திறந்து ஊர்ப்பெயரை மட்டும் மாற்றுவது எங்கள் அலுவலக வழக்கம். நானும் மாற்றினேன். இங்கே மே மாதம் சூரியன் தலைக்கு வடக்கே போகிறது, நிழல் தெற்கே விழுகிறது. இந்த ஊர் ஆட்டுக்கும் தெரியும். இங்கேயே பிறந்த எனக்குத் தோன்றவில்லை.
இந்த வெயிலும் இப்படி வந்ததுதான். நம் புகையையெல்லாம் வானத்தில் விட்டோம். அதற்கும் 'காலி இடம்' என்றுதான் பேர் வைத்திருந்தோம்.

பதிவு 5. பகல் 12:50
தெற்குச் சுவரை ஒட்டிய சந்தில் 56.
"ஆறு பேரு மயங்கிட்டாவ அண்ணே. தண்ணி தீந்துட்டு. கோயிலுக்கு நடப்போம்னா இந்த வெயில்ல யாரும் எந்திரிக்க மாட்டேங்காவ."
"அமலி, அது வெயில் இல்ல. மெஷின்தான். நாந்தான் பொய் சொன்னேன்."
"காலைலயே சொல்லிருந்தா நடந்திருப்போம்லா."

பதிவு 6. பகல் 1:05
நான்கையும் நிறுத்திவிட்டேன். கதவைத் திறக்கப் போகிறேன். கூடத்து இன்டர்காமில் ஒருவர் கத்துகிறார்.
"யாருய்யா மெஷின நிறுத்துனது? புள்ளைகளக் கொல்லப் பாக்கியளா?"
அமலியை வாக்கி டாக்கியில் மறுபடி மறுபடி கூப்பிடுகிறேன்.

பதிவு 7. பகல் 2:40
நடந்து உள்ளே வந்தவர்கள் ஐம்பத்து மூன்று. தூக்கி வரப்பட்டவர்கள் பதினெட்டு. மீதி ஒன்பது பேர் சந்திலேயே செத்துப்போனார்கள். அமலி வலைக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தபடியே இறந்திருந்தாள், எதிரே இருந்தவர்களுக்கு மறைப்பாக. முதுகு வெந்திருந்தது. என் தங்கச்சி.
கதவை மூடி மெஷின்களை மறுபடி ஓட்டினேன். இப்போது சந்தில் யாரும் உயிரோடு இல்லை, அனல் யாரையும் சுடாது. உள்ளே முந்நூற்று எழுபத்தொரு பேர். 33 டிகிரி. வியர்க்கிறது, குழந்தைகள் அழுகின்றன. இங்கே யாரும் சாகவில்லை. காலையிலேயே இதைச் செய்திருக்கலாம். முந்நூறு என்பதும் இருபத்தேழு என்பதும் நான் போட்ட எண்கள். அவற்றைத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.
இந்தப் பதிவுகளை எடுத்துப் படிப்பவர் கட்டடம் வரைபவராக இருந்தால் ஒன்று சொல்கிறேன். சூட்டை அழிக்க முடியாது, தள்ளத்தான் முடியும். யார் மேல் தள்ளுகிறீர்கள் என்று அந்தப் பக்கம் போய் நின்று பாருங்கள். மே மாதத்தில் போங்கள்.

பதிவு 8. பகல் 2:55
பதினாறு ஊர்களையும் அழைத்தேன். ஏழாம் எண் காப்பகம் மட்டும் எடுத்தது.
"இங்க எல்லாம் நார்மல் சார். உள்ள இருபத்தேழு."
"தெக்குச் சந்துல ஆளுங்க இருக்காங்களா?"
"தெரியல சார். அந்தப் பக்கம் நீங்க ஜன்னல் வைக்கலையே."
"வெளிய போய்ப் பாருங்க. இப்பவே போங்க."
"கதவத் திறந்தா இருபத்தேழு நிக்காது சார்."