ஓய்வுக்குப் பின் வந்த மனைவி

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

நீதிபதிகளின் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் புதுச் சட்டம் வருகிறதாமே. உன் அத்தானோடு வேலை பார்த்தவர் ஒருவர் நகலைக் கொண்டுவந்து கொடுத்தார். சம்பளம் ஏறுகிறது, கார் உண்டு, மருத்துவச் செலவு உண்டு. சந்தோஷம். பதினாறாம் பிரிவில் மட்டும் ஒரு வரி: நீதிபதியை அவர் ஓய்வுபெறும் முன்பே மணந்தவருக்குத்தான் குடும்ப ஓய்வூதியம். ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருப்பவர்களுக்கும் இது பொருந்துமாம்.

நான் உன் அத்தானை மணந்தது அவர் நீதிபதி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பத்தொன்பதாம் நாள். அவர் போய் எட்டு மாதம்கூட ஆகவில்லை. அந்தப் பணத்தில்தான் வீட்டு வாடகை கட்டுகிறேன். சட்டம் எழுதுகிற அலுவலகத்தில் நீ உட்கார்ந்திருக்கும்போதே இது எப்படி நடந்தது?

அக்கா

மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

கோபப்படாமல் படி. அந்தக் கோப்பு முதலில் என் மேசைக்குத்தான் வந்தது. சொந்தக்காரருக்கு லாபமோ நஷ்டமோ உள்ள கோப்பை நாங்கள் தொடக்கூடாது. ‘என் அக்கா குடும்ப ஓய்வூதியம் பெறுகிறார்’ என்று குறிப்பு எழுதி, பக்கத்து இருக்கைக்காரரிடம் தள்ளிவிட்டேன். அவர் அவசரத்தில் மற்ற அதிகாரிகளுக்கான விதியிலிருந்து அந்த வரியை அப்படியே எடுத்துப் போட்டுவிட்டார். நீதிபதிகளின் பழைய சட்டத்தில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது. அச்சான பிறகுதான் பார்த்தேன்.

இப்போது நான் வாய் திறந்தால், அக்காவுக்காகப் பேசுகிறான் என்பார்கள். அத்தான் இருந்தாலும் இதையேதான் செய்யச் சொல்லியிருப்பார். வாக்கெடுப்பு இருபத்தெட்டாம் தேதி. இருபதுக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபணை மனு அனுப்பலாம். ஆனால் உன் மனு என்றால் அதையும் நான் தொட முடியாது. அதே இருக்கைக்காரரிடம்தான் போகும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் தம்பி

மார்ச் 12

தம்பி,

‘அன்புள்ள’ என்று எழுதக் கை வரவில்லை.

அத்தானை இதில் இழுக்காதே. பதினோரு வருஷம் அவருடைய தீர்ப்புகளை டைப் அடித்தவள் நான். கல்யாணப் பேச்சை எடுத்தபோதெல்லாம் என்ன சொன்னார் தெரியுமா? “இந்த நாற்காலியில இருக்கிற வரைக்கும் உன்னைக் கட்டிக்க மாட்டேன். தீர்ப்புச் சொல்றவனும் அதை டைப் அடிக்கிறவளும் ஒரே வீட்டிலேருந்து வந்தா, தோத்தவன் என்ன நினைப்பான்?” சரி, நான் வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். “என்னால நீ எதுக்கு வேலையை விடணும்?” என்றார். அதிலும் நியாயம்! ஊரே அவர் நேர்மையைப் புகழ்ந்தது. எனக்குத் தலை நரைத்தது. ஒரே ஒரு மாதம் முன்னால் அவர் கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருந்தால் இன்று இந்த வரி என்னை ஒன்றும் செய்திருக்காது.

இப்போது நீ. தப்பு என்று உனக்குத் தெரியும். அது எங்கிருந்து வந்தது என்றுகூடத் தெரியும். “ஏம்ப்பா, இதைப் பழைய சட்டத்தோட கொஞ்சம் ஒத்துப் பாரேன்” என்று சொல்ல உன் வாய்க்கு என்ன கேடு? நல்லவர்கள் என்ற பெயர் உங்களுக்கு, வயிற்றெரிச்சல் எனக்கு. போதுமடா சாமி உங்கள் நேர்மை!

அக்கா

மார்ச் 15

அக்காவுக்கு,

நீ திட்டியது எல்லாம் நியாயம்தான். ஆனால் இருபத்தாறு வருஷ சர்வீஸில் என்மேல் ஒரு சொல் விழுந்ததில்லை. உன் தம்பியாக இருந்துகொண்டு அந்தக் கோப்பை என்னால் தொட முடியாது. வாடகையை மாதாமாதம் நான் அனுப்பிவிடுகிறேன். மன்னித்துவிடு.

தம்பி

மார்ச் 17

பெறுநர்: சட்ட வரைவு அலுவலர்

பொருள்: பதினாறாம் பிரிவுக்கு ஆட்சேபணை

ஐயா,

வேறு விதியிலிருந்து தவறுதலாக எடுத்துச் சேர்க்கப்பட்ட மேற்படி வரியை நீக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வாடகைப் பணம் அனுப்ப வேண்டியதில்லை. நான் கேட்டது தருமம் அல்ல.

அக்கா இருக்கும் காரணத்தால் இந்தக் கோப்பைத் தாங்கள் தொட இயலவில்லை என்று அறிந்தேன். இன்று முதல் தங்களுக்கு அக்கா என்று யாரும் இல்லை. இதையும் ஒரு குறிப்பாக எழுதிக்கொண்டு, கோப்பைக் கையில் எடுக்கவும்.

இப்படிக்கு,
காலஞ்சென்ற நீதிபதியின் மனைவி