குறிப்புக் கட்டம்

நவம்பர் 12, செவ்வாய். குன்னூர்.

இலங்கையிலிருந்து வந்த ராசம்மா இன்று எங்கள் மறுவாழ்வு அலுவலகத்துக்கு வந்தாள். அவளைப் பந்தலூர் எஸ்டேட்டுக்கும், கண் தெரியாத அவள் அப்பாவை வேறொரு குடும்பத்தோடு மஞ்சூருக்கும் அனுப்பிவிட்டார்களாம்.

"அப்பா எங்கூடத்தான் இருக்கணும்னு சொன்னேனே ஐயா. நீங்க எழுதலீங்களா?"

எழுதியிருந்தேன். வருபவர்களைப் பதியும்போது, பெயர், வயது தவிர யார் எதைச் சொன்னாலும் பதிவேட்டின் கடைசியிலுள்ள குறிப்புக் கட்டத்தில் பொடி எழுத்தில் திணித்துவிடுவேன். தையல் தெரியும், பெட்டி இரண்டு, அப்பாவுக்குக் கண் தெரியாது, தம்பி கண்டியில் என்று எல்லாம் ஒரே வரியில். இடம் ஒதுக்குபவர்கள் அந்தக் கட்டத்தைப் படிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். தனித்தாளில் எழுதி அவர்களிடம் நீட்டியிருக்கலாம்.

மேலதிகாரியிடம் சொன்னேன். "எழுதிட்டீங்கல்ல, அப்புறம் உங்க மேல என்னங்க தப்பு?" என்றார். மாற்றல் உத்தரவு வர நாளாகுமாம்.

"எழுதினேம்மா" என்றேன். ராசம்மா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.