சோதிக்க ஒரு சத்தம் வேணும்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். உன் முழங்கால் வலி தேவலையா?

நேத்து வீடியோ கால்ல நான் பேசாததுக்குப் பயந்துடாதே. போன் ரிப்பேர்ல இருக்கு. லேப்டாப்பில் பழைய சிஸ்டத்தை எடுத்துட்டுப் புதுசா லினக்ஸ் போட்டேன். ஸ்பீக்கர், மைக் இருக்கிறதே அதுக்குத் தெரியல. நீ கத்தினது நம்ம தெருவுக்கே கேட்டிருக்கும், எனக்குத்தான் கேக்கல!

"பேசாம பழையதையே போட்டுத் தொலை"ன்னு அறைத்தோழி சொல்றா. விடுவேனா? ஸ்பீக்கரை வேலை செய்ய வைக்கிற டிரைவர்ங்கற மென்பொருளைத் தேடிப் பிடிச்சு, ஒவ்வொண்ணா மாத்திப் பாக்கறேன். அது வாயைத் திறக்காம நான் ஓயமாட்டேன்.

ஒவ்வொரு தடவையும் சோதிக்க ஒரு சத்தம் வேணும். அப்பா போன்ல உன் குரலைப் பதிவு பண்ணி மெயில்ல அனுப்பு. என்னைத் திட்டினாலும் சரிதான். கொஞ்சம் நீளமாவே திட்டு.

வேலைக்கு நேரமாச்சு, ஓடறேன்.

நேத்து ஊமையா உட்கார்ந்திருந்த
உன் வாயாடி