பச்சை விளக்கு இல்லாத ஸ்கோப்

நாள் 41. நிலைய நேரம் 08:10

காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. காற்றுச் சுழலிகள் இரண்டும் ஓடுகின்றன. நிலவின் தென்முனைப் பனி ஆய்வு நிலையத்தில் இப்போது நான் ஒருவன்தான். பெ. தெய்வசிகாமணி, மின்னணுப் பொறியாளர், கோவை. உடன் இருந்த இருவரும் உடல்நலம் கெட்டுத் திரும்பிவிட்டார்கள். அடுத்த கப்பல் நாள் 52இல். துணைக்கோள் தலைக்கு மேல் வரும் இருபது நிமிடம் மட்டும் பூமியோடு பேசலாம்.

கருவிப் பெட்டியை ஒழுங்குபடுத்தினேன். உள்ளே ஒரு ‘மின்மினி’ ஸ்கோப்! மின்சாரத்தின் ஆட்டத்தைத் திரையில் அலையாக வரைந்து காட்டும் கருவி. கல்லூரி ஆய்வகங்களுக்காக, மலிவாக, எட்டு வருடம் முன்பு நானே வடிவமைத்தது. எடை குறைவு என்று இங்கே அனுப்பியிருக்கிறார்கள். எங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது பார், என் பிள்ளை. கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

நாள் 43. 10:35

சுழலி 1 நின்றுவிட்டது. சுழலி 2 வேகம் ஏறி இறங்குகிறது. இதைப் படிப்பவருக்கு: நான் விடும் மூச்சை வடிகட்டி வழியாகத் தள்ளிச் சுத்தம் செய்பவை இவைதான். இரண்டும் நின்றால் நான் தாங்குவது ஒன்றரை நாள்.

சுழலி 2க்கு மின்சாரம் வரும் கம்பியில் ஸ்கோப்பை மாட்டினேன். வினாடிக்கு மூன்று அலை. இவ்வளவு மெதுவாக ஆடினால் கோளாறு மின்சாரத்தில் இல்லை, இயந்திரத்தில். பேரிங் தேய்ந்திருக்கிறது. கோடு சற்றுத் தடித்துத் தெரிந்தது. மலிவு ஸ்கோப்பில் அது சகஜம், எனக்குத் தெரியாதா?

நாள் 43. 15:20

மாற்று பேரிங் இல்லை. நின்றுபோன சுழலி 1இன் அச்சை அறுத்து, அதன் பேரிங்கை எடுத்து 2இல் போட்டேன். நாலு மணி நேர வேலை, இடுப்பு ஒடிந்துவிட்டது. ஓட்டிப் பார்த்தேன். அதே மூன்று அலை. சனியன்.

நாள் 44. 11:05

இன்று பேசியது மேகலா. ‘மின்மினி’யில் என்னோடு வேலை பார்த்தவள், இப்போது தரைக் கட்டுப்பாட்டில் இருக்கிறாள்.

“சார், அந்த மூணு அலை நெசந்தானுங்களா? டைம் நாபைத் திருப்பிப் பாருங்க. வினாடிக்கு மூணாவே நின்னா நெசம். மாறுச்சுன்னா, அது நம்ம ஸ்கோப் சொல்ற பொய்யிங்க.”

திருப்பினேன். மூன்று ஐந்தானது. இன்னொரு திருப்பில் பதினொன்று.

விலையைக் குறைக்க, மேகலா வேண்டாமென்றும் கேளாமல், மெமரி சிப்பைச் சின்னதாக்கியவன் நான். சின்ன மெமரியில் நீண்ட நேரத்தை அடக்க, ஸ்கோப் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் புள்ளி எடுக்கும். வினாடிக்குப் பல லட்சம் முறை ஆடும் மின்சாரத்தை அப்படி விட்டுவிட்டுப் பார்த்தால் மெதுவாக அசைவதுபோலத் தெரியும், சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னால் சுற்றுவதுபோல. எட்டு வருடமாகப் பிள்ளைகள் இந்தப் பொய்யைப் பார்த்து ரெக்கார்டு நோட்டு எழுதியிருக்கிறார்கள்.

கோளாறு சுழலிக்கு மின்சாரம் கொடுக்கும் மின்வழங்கியில்தான். சுழலி 1இல் எரிந்ததும் அதன் மின்சுற்றுப் பலகை மட்டுமே. மோட்டார் நன்றாக இருந்தது. அதன் அச்சைத்தான் நேற்று நான் அறுத்தேன்.

மேகலாவிடம் சொன்னேன். ‘அப்பவே சொன்னேன்’ என்று அவள் சொல்லவில்லை. சொல்லித் தொலைத்திருக்கலாம்.

நாள் 45. 09:40

மின்வழங்கியில் கெட்ட மின்தேக்கியை மாற்றினேன். ஆட்டம் நின்றது. ஆனால் சுழலி 2இன் மோட்டார் இரண்டு நாளில் வெந்துபோயிருக்கிறது. கருகிய வாடை. பாதி வேகத்தில் ஓடுகிறது, தொட முடியாத சூடு. இனி நான் செய்ய ஒன்றும் இல்லை.

நாள் 46. 11:20

மேகலா பேசினாள். “கப்பலை முன்னாடியே கிளப்பறாங்க சார். நாள் 49ல வந்துருமுங்க. அதுவரைக்கும் ஓடுமுங்களா?” சுழலியைத் திரும்பிப் பார்த்தேன். “ஓடும்னு சொல்லுங்க சார். ஒருதடவை சொல்லுங்க.”

ஓடும் அம்மணி என்றேன். தொடர்பு அறுந்தது.

கரியமில வாயு மணி ஓயாமல் கத்துகிறது. அணைத்துவிட்டேன். தலை வலி. காதுக்குள் இரைச்சல், சுழலியின் சத்தம் தனியாகக் கேட்கவில்லை. ஸ்கோப்பைப் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்து, சுழலியின் வேகத்தைச் சொல்லும் கம்பியோடு இணைத்தேன். அலை ஓடினால் சுழலி ஓடுகிறது. படம் நடுங்காமலிருக்க, புது அலை வரும்போது மட்டும் திரையை மாற்றும்படி வைத்தேன்.

ஒரு சங்கடம். புது அலை வராவிட்டால் பழைய படமே திரையில் நிற்கும். புதிதா பழையதா என்று காட்ட ஒரு பச்சை விளக்கு வைக்கச் சொல்லி, அன்று வடிவமைக்கும்போது மேகலா ஒரு வாரம் என்னோடு சண்டை போட்டாள். “பாக்கறவங்க ஏமாந்துருவாங்க சார்.” வேண்டாம் என்றேன். பெட்டிக்கு ஏற்கெனவே ஓட்டை போட்டாயிற்று. அதை அடைத்துவிடச் சொன்னேன்.

நாள் 47. 07 சொச்சம்

வாந்தி. எழுத்து கோணுகிறது. பயமாக இருக்கிறது, மறைத்து என்ன ஆகப் போகிறது. எழுந்து போய்ச் சுழலியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஆறு அடி. கால் வரவில்லை.

ஆனால் அலை இருக்கிறது. ஒழுங்காக, வரிசையாக. கப்பல் வரும். மேகலாவிடம் சொல்ல வேண்டும், ஓடுகிறது என்று.

நாள் 47

கருகிய வாடை இல்லை. மோட்டார் குளிர்ந்துவிட்டதோ. நல்லதுதானே

அலை அப்படியே இருக்கிறது. அசையாமல் அழகாக

பச்சை விளக்கைத் தேடினேன். அந்த இடத்தில் நான் அடைக்கச் சொன்ன பிளாஸ்டிக் வட்டம் இருக்கிறது. விரலால் தடவிப் பார்த்தேன். நன்றாகத்தான் அடைத்திருக்கிறார்