பின்கேட்டின் நான்கு விதிகள்

ஜனவரி 9, வியாழன்

சட்னியில் உப்பு அதிகம். கமலாத்தாளிடம் சொன்னேன். ஏதோ பதில் சொன்னாள், வாய்க்குள்ளேயே. முப்பது வருடமாக இந்த வீட்டில் சமைக்கிறவள், இப்போதுதான் முணுமுணுக்கப் பழகியிருக்கிறாள்.

ஒரு நல்ல செய்தி: விமானச் சத்தம் அடியோடு குறைந்துவிட்டது. இந்தப் பாலக்காட்டுக் கிராமத்தில், எங்கள் தென்னந்தோப்புக்குப் பின்னால் அந்த விமானப் பயிற்சிப் பள்ளிக்காரர்கள் ஓடுதளம் போட்டு நாலு வருடமாகிறது. முதலில் கூரையைப் பிய்த்துக்கொண்டு போவதுபோல இரைச்சல். பதினோரு புகார்க் கடிதம் எழுதினேன், அத்தனையும் ஆங்கிலத்தில், ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல். (கான்வென்ட்டில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் என்று இந்த நோட்டிடமே எத்தனை தடவை பீற்றிக்கொள்வேன்?) இப்போது பலன் தெரிகிறது. அண்ணாந்து பார்த்தால்தான் விமானம் போவதே தெரிகிறது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். கோயமுத்தூரிலிருந்து செல்வப்பிரியா போன். பெற்ற மகளே வாயைத் திறந்து பேசுவதில்லை. நாலு தடவை “என்ன?” என்று கேட்ட பிறகு கத்தினாள்: “ஏம்மா, காது டாக்டரை ஒருக்காப் பாத்துட்டு வந்தர்லாமா?”

“பேசக் கத்துக்குடுக்கற டாக்டர் இருந்தாச் சொல்லு, உன்னயக் கூட்டிட்டுப் போறேன்.”

நல்ல பதில். மத்தியானம் வரை அதை நினைத்து மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

ஜனவரி 21, செவ்வாய்

எழுத்து கோணல். இருக்கட்டும்.

இன்று மத்தியானம் ஒரு சின்ன விமானம் விழுந்தது. இடுக்கிப் பக்கத்து ஏலக்காய்த் தோட்டக்காரர் ஒருவருடையதாம். ஓடுதளத்திலிருந்து கிளம்பியதும் எஞ்சின் நின்று, நம் தோப்பைத் தாண்டித் தரிசு வயலில் விழுந்தது. உள்ளே இரண்டு பேர். வயலில் வேலை செய்தவர்கள் தோட்டக்காரரை இழுத்துப் போட்டுவிட்டார்கள். ஓட்டியவர் கால் சிக்கிக்கொண்டது. பிறகு தீ. கோகுல்நாத் என்று பெயர். உயிர் இருக்கிறது. இரண்டு கையும் வெந்துவிட்டன.

நான் பின்னறையில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். ரேஷன் கடைக்குப் போயிருந்த கமலாத்தாள் ஓடிவந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள். “பெரியம்மிணி, புகைங்க! பின்கேட்டுல வண்டி நிக்குதுங்க! சாவி, சாவி!”

ஓடினேன். எழுபத்தெட்டு வயதில், செருப்பில்லாமல். திறந்தேன். ஓடுதளத்தின் சிவப்புத் தீயணைப்பு வண்டி என்னை உரசிக்கொண்டு போனது.

ஜனவரி 22, புதன்

தூக்கமில்லை. வேப்பமரம் வரைக்கும் கரி வாசனை.

ஜனவரி 27, திங்கள்

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். முருகேஸ்வரி. மூணாறு எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவராம். தெளிவாகப் பேசுகிறார், பென்சிலைச் சீவி வைத்திருக்கிறார், எனக்குப் பிடித்தது. ஓடுதள மேனேஜர் பிரதீப்பும் கூட வந்தான்.

வண்டி கேட்டுக்கு வெளியே ஆறு நிமிடம் நின்றிருக்கிறது. வண்டியின் கருவியிலேயே பதிவாகியிருக்கிறதாம். ஏன் என்பதுதான் கேள்வி.

கேட்டின் கதையைச் சொன்னேன். ஓடுதளத்தின் கிழக்கு முனையிலிருந்து வயலுக்கும் வாய்க்கால் ரோட்டுக்கும் குறுக்குவழி நம் தோப்பு ஒன்றுதான். ஆபத்துக் காலத்தில் வண்டி போக வழி வேண்டும் என்று பிரதீப் ஆறு தடவை வந்து கெஞ்சியதால் ஒத்துக்கொண்டேன். சாவி என்னிடம்தான் இருக்கும் என்பது நிபந்தனை. நானே விதிகள் எழுதி, லேமினேட் செய்து கேட்டில் தொங்கவிட்டேன்:

1. மணியை ஒரே ஒரு முறை அழுத்தவும்.
2. காத்திருக்கவும்.
3. கேட்டைத் தட்டவோ தள்ளவோ கூடாது.
4. பெயரும் காரணமும் சொன்ன பிறகே திறக்கப்படும்.

அதிகாரி அதை இரண்டு தடவை படித்தார். கையெழுத்தை ரசிக்கிறார் என்று நினைத்தேன்.

“அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அன்னைக்கு மணி அடிக்கவே இல்லைன்னு உறுதியாச் சொல்றீங்களா?”

“அடிச்சிருந்தா மொத மணிக்கே தொறந்திருப்பனுங்க.”

பிரதீப் போய் மணியை அழுத்தினான். நான் முன் வராந்தாவில் மணிப்பெட்டிக்கு நேர் கீழே நின்றிருந்தேன். நன்றாகவே அடித்தது. ஆக மணியில் கோளாறு இல்லை, என்னிடமும் இல்லை. வாக்குமூலத்தில் கையெழுத்திட்டேன்.

பிப்ரவரி 3, திங்கள்

வண்டிப் பொறுப்பில் இருந்த சிவப்பிரகாஷை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். மணி அடிக்காமலேயே அடித்ததாகப் பொய் சொன்னானாம். விசாரணை முடிந்தால் மொத்தமாகவே போய்விடும் என்கிறார்கள்.

பொய் சொன்னால் இப்படித்தான் என்று எழுதப்போனேன். பேனா நின்றுவிட்டது. அந்த ஆளைத் தெரியும். போன வருடம் ஒத்திகையின்போது வண்டி கேட் தூணை லேசாக இடித்ததற்கு மன்னிப்புக் கடிதம் எழுத வைத்தேன். எழுத்துப் பிழை திருத்தி, மறுபடியும் எழுதச் சொன்னேன். முகம் சுளிக்காமல் எழுதினான். பொய் சொல்கிற ஆள் அவ்வளவு பொறுமையாக எழுதுவானா?

பிப்ரவரி 6, வியாழன்

எலப்புள்ளியில் அவன் வீட்டுக்கே போனேன். உண்மையை வரவழைத்துவிடுவது என்ற எண்ணம். டாக்ஸியில் போகும்போதே கேள்விகளை வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். என்னைப் பெரிய வக்கீல் என்று நினைப்பு.

அவன் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னான். நான் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மூணு வாட்டி அமுக்குனனுங்க. போர்டுல ஒருக்காத்தான்னு போட்டிருந்துதுங்களா… ரண்டாவது வாட்டியே பயந்துக்கிட்டுத்தான் அமுக்குனேன்.”

“வண்டியில கேட்டை இடிச்சுட்டுப் போறதுக்கென்ன? அந்தப் பக்கம் ஒரு மனுசன் வேகறானே!”

அவன் சுவரைப் பார்த்தான். “போன வருசம் தூணுக்கே அந்தக் கடுதாசிங்க.”

அவன் மனைவி உள்ளேயிருந்து வந்தாள். மோர் டம்ளரை டக்கென்று வைத்தாள். “உங்களுக்குப் பயந்துதானுங்க நின்னாரு. தீக்குப் பயப்படற ஆளில்லீங்க அவரு.”

மோர் குடிக்காமல் வந்துவிட்டேன். கேள்விகளில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை.

பிப்ரவரி 8, சனி

ஒரு பரிசோதனை. சுவர்க்கடிகாரத்தில் மூன்று அடிக்கும்போது பின்கேட்டு மணியை மூன்று தடவை அழுத்தச் சொல்லிக் கமலாத்தாளை அனுப்பினேன். அன்றைக்கு உட்கார்ந்திருந்த அதே நாற்காலி. கையில் அதே குறுக்கெழுத்து.

மூன்று மணி. ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் போனது. இவளுக்கு மணி பார்க்கத் தெரிந்தால்தானே என்று திட்டிக்கொண்டிருந்தேன். வந்து நின்றாள்.

“ஏன் அமுக்குல?”

அவள் தரையைப் பார்த்தாள். நிமிர்ந்து என் முகத்துக்கு நேரே, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்: “ஏழு வாட்டி அமுக்குனனுங்க, பெரியம்மிணி. தோப்பு முச்சூடும் கேட்டுச்சுங்க.”

அப்புறம்தான் கவனித்தேன்: கடிகாரம் மூன்று அடித்ததுகூட எனக்குக் கேட்கவில்லை. முள்ளைப் பார்த்துத்தான் மூன்று என்று நினைத்திருக்கிறேன்.

“எத்தனை நாளா இப்படி?”

“ஒண்ணரை வருசம் இருக்குமுங்க. வாசல்ல யாரு வந்தாலும் நானே பாத்துக்குவேன். அன்னைக்குத்தான் ரேசன் கடைக்குப் போயிட்டேன்.”

“ஏன்டி எங்கிட்டச் சொல்லல?”

“உங்ககிட்ட யாருங்க சொல்றது?”

பிப்ரவரி 9, ஞாயிறு

பிரதீப்பை வரவழைத்துக் கேட்டேன்: என் கடிதங்களுக்குப் பிறகு எத்தனை விமானம் குறைத்தீர்கள்?

பாவம், விழித்தான். மலையாளம் கலந்த தமிழில் சொன்னான்: “குறைக்கவே இல்லை அம்மா. போன வருஷம் புதிய பேட்ச் வந்நு. இப்போ டபுள்.”

பதினோரு கடிதம்! அடித்தல் திருத்தல் இல்லாமல்! வெற்றி பெற்றதாக எண்ணி ஒரு வருடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்திருக்கிறேன். தலைக்கு மேலே இரண்டு மடங்கு இரைச்சல் போய்க்கொண்டிருந்தது. கமலாத்தாள் முணுமுணுக்கவில்லை. மகள் வாயைத் திறந்துதான் பேசுகிறாள். ஊர் முழுக்கச் சரியாகப் பேசிக்கொண்டிருக்க, நான் ஒருத்தி எல்லோருக்கும் உச்சரிப்பில் மதிப்பெண் குறைத்துக்கொண்டிருந்தேன்.

சிரிப்பு வந்தது. அப்புறம் கோகுல்நாத்தின் கைகள் நினைவுக்கு வந்தன. சிரிப்பு நின்றுவிட்டது.

பிப்ரவரி 10, திங்கள்

வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன? யாருக்குத் தெரியும்? கமலாத்தாள் சொல்லமாட்டாள். நான் பொய் சொல்லவில்லையே, கேட்காததைக் கேட்கவில்லை என்றுதானே சொன்னேன்.

இல்லை. அப்படிச் சொல்லவில்லை. மணி அடிக்கவில்லை என்று சொன்னேன். இந்த வித்தியாசம் தெரியாமலா பரிசு கொடுத்தார்கள்?

பிப்ரவரி 12, புதன்

பாலக்காட்டுக்குப் போய் அதிகாரியைப் பார்த்தேன். பக்கத்துச் சித்தூர் வழியாக பஸ்ஸில். டாக்ஸியில் போகிற தகுதி இன்றைக்கு இல்லை என்று தோன்றியது. (கண்டக்டர் “எங்க?” என்று மூன்று தடவை கேட்டிருக்கிறான். பக்கத்துச் சீட்டு அம்மாள்தான் தொடையைத் தட்டிச் சொன்னார்.)

எழுதிக்கொண்டு போனதைக் கொடுத்தேன். எனக்குக் காது கேட்பதில்லை. மணி மூன்று முறை அடித்திருக்கிறது. பூட்டு என்னுடையது, விதிகளும் என்னுடையவை. வண்டி கேட்டை உடைக்காமல் நின்றதற்குக் காரணம் அந்தப் பலகையும் போன வருடம் நான் வாங்கிய மன்னிப்புக் கடிதமும். அந்தக் கடிதத்தையும் இணைத்திருந்தேன். பத்திரமாக வைத்திருந்தேன், வேறென்ன?

முருகேஸ்வரி படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார்: “இதப் பதிஞ்சா ஊருக்கே தெரிஞ்சு போகும்மா. சம்மதம்தானே?”

அறையில் இருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஊருக்குத் தெரிவது அங்கேயே தொடங்கிவிட்டது.

“பதிஞ்சுக்குங்க” என்றேன்.

“ஆறு நிமிஷமும் உங்களோடது மட்டும் இல்லம்மா. ஒரே சாவியை ஒரு வீட்ல குடுத்துட்டு அதை அவசர வழின்னு பிளான்ல எழுதுனாங்கள்ல, அவங்களும் பதில் சொல்லணும்” என்றார். ஆறுதலுக்குச் சொல்லவில்லை. பென்சிலால் எழுதிக்கொண்டே சொன்னார்.

பிப்ரவரி 20, வியாழன்

கோயமுத்தூர். காலையில் காது டாக்டர். செல்வப்பிரியா கூட வந்தாள். “நாந்தான் சொன்னேனே” என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நானாக இருந்தால் பார்க்கிங்கிலேயே தொடங்கியிருப்பேன். கருவி இரண்டு காதுக்கும், கொண்டைக்கடலை அளவில். முதலில் கேட்டது என் சேலைச் சரசரப்பு. கஞ்சி அதிகம் போலிருக்கிறது.

மத்தியானம் கோகுல்நாத்தைப் பார்க்கப் போனேன். இரண்டு கையும் கட்டு. யார் என்று சொன்னேன். ஆறு நிமிடத்தைச் சொன்னேன். ஒன்றும் விடவில்லை.

அவர் பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன். “தண்ணி குடுக்கறீங்களா?” என்றார். டம்ளரைப் பிடித்துக் கொடுத்தேன். இரண்டாவது மடக்கில் கொஞ்சம் சிந்திவிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

சிவப்பிரகாஷைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பலகையைக் கழற்றினேன். நாலு திருகாணி, கமலாத்தாள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

மார்ச் 27, வியாழன்

இன்று முழு ஒத்திகை. பின்பக்கம் புதுக் கேட். பூட்டில்லை, மணியில்லை, வண்டி முட்டினால் விட்டுக்கொடுக்கிற மாதிரி மெலிந்த குழாய்களில் செய்தது. இடத்தையும் நானே இரண்டு கெஜம் அகலமாகக் கொடுத்தேன்.

வாட்சைப் பிடித்துக்கொண்டு தோப்புக்குள் நின்றேன். அபாயச் சங்கு ஊதியது. கேட்டது. வண்டி வரும் உறுமல், டயரின் சரளைச் சத்தம், எல்லாம் கேட்டன. வந்தவன் கேட்டுக்கு முன்னால், என்னைப் பார்த்ததும், பிரேக் போட்டுவிட்டான்.

சிவப்பிரகாஷ்தான். கண்ணாடிக்குப் பின்னால் அதே முகம்.

தொண்டை கிழியக் கத்தினேன். கான்வென்ட்டில் ஒருநாளும் அனுமதித்திருக்கமாட்டார்கள். “என்னையப் பாக்காதடா! இடி! இடிச்சுட்டுப் போ!”

இடித்தான். குழாய்கள் தெறித்தன. ஒன்று என் ரோஜாத் தொட்டியை உடைத்தது. சங்கு ஊதியதிலிருந்து வயலுக்குப் போய்ச் சேர ஒரு நிமிடம் பத்து வினாடி. நின்று யோசித்ததில் இருபது வினாடி வீண். அடுத்த ஒத்திகையில் அதையும் குறைக்கவேண்டும் என்று பிரதீப்பிடம் சொன்னேன்.

போகும்போது சிவப்பிரகாஷ் வந்து நின்றான். “தொட்டிக்குக் கடுதாசி எழுதித் தரணுங்களா, பெரியம்மிணி?”

கமலாத்தாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பும் கேட்டது.

சாயங்காலம் தலைக்கு மேல் ஒன்பது விமானம் போனது. தாங்கமுடியாத இரைச்சல். பழக்கதோஷத்தில் கடிதத்தாளை எடுத்துத் தேதிகூடப் போட்டுவிட்டேன். பிறகு அதில் மளிகைச் சாமான் பட்டியல் எழுதினேன்.