செல்விக்குக் கொடுத்த வெள்ளை மாத்திரை

12 ஆகஸ்ட் 1986, செவ்வாய்

காலையில் செல்வியின் மார்பில் சிவப்புப் புள்ளிகள். அக்கா தன் மகளுக்கு அம்மை கண்டிருப்பதாகச் சொல்லி, வாசலில் வேப்பிலை செருகினாள்.

"அம்மை வந்த ஊட்ல மாத்திரை குடுப்பாங்களா? ஆத்தா கோவிச்சுக்குவா."

"ஆத்தாளா வந்து கிட்னியக் காப்பாத்துவா?" என்று கத்திவிட்டேன்.

ரத்தப் புற்றுநோய்க்கு ஊசி போட்டு அனுப்பியபோது டாக்டர் சொல்லியிருந்தார்: அழியும் அணுக்களால் யூரிக் அமிலம் பெருகிச் சிறுநீரகத்தை அடைக்கலாம், அதைத் தடுக்கவே இந்த வெள்ளை மாத்திரை. ஆறு வயதுக் குழந்தையின் வாயில் நானே அதைப் போட்டேன்.

மாலைக்குள் முதுகெல்லாம் தடித்துவிட்டது. எஸ்டேட் ஆபீசுக்கு ஓடி, ரைட்டரிடம் கெஞ்சி டாக்டருக்கு டெலிபோன் செய்தேன்.

"அந்த மாத்திரை ஒத்துக்கலையோ என்னமோ. இனிமே குடுக்காதீங்க. அம்மையா இருந்தாலும் ஆபத்துதான். தண்ணி விடாம குடுத்து, காலையில முதல் பஸ்ஸுல கூட்டிட்டு வாங்க. புள்ளி வந்த பிறகும் குடுத்தீங்களா?"

ஆமாம் என்றேன். "முதல் பஸ்ஸு, மறந்துடாதீங்க" என்று மறுபடி சொல்லி வைத்தார்.

அக்கா மணிக்கொரு தம்ளர் தண்ணீர் கொடுக்கிறாள்.

"வயிறு தொட்டியாயிருச்சு சித்தி."

"குடி கண்ணு, பஸ்ஸுல ஜன்னலோரம் உனக்குத்தான்."

மாத்திரை வேண்டாமென்று அக்கா சொன்னதே சரியென்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால், ஆத்தாளே போதுமென்று நாளை பஸ் ஏற மறுத்துவிடுவாளோ? சொல்லாமலிருப்பதும் திருட்டுத்தனமாக உறுத்துகிறது.

ஏழு மணிக்குப் பிறகு செல்வி சிறுநீர் கழிக்கவேயில்லை. இரண்டு முறை எழுப்பிக் கேட்டுவிட்டேன்.

கூப்பிடுகிறாள். "சித்தி, ஒண்ணுக்கு வருது." போகிறேன்